கிணற்றில் இறங்கிய இரண்டு குழாய்கள்

எங்கள் வீட்டுக் குழாய் இருமத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்தில். காலையில் பல் தேய்க்கத் திறந்தால் முதலில் புஸ்ஸென்று காற்று வரும், பிறகு நாலு சொட்டு, பிறகு சட்டையெல்லாம் நனைகிற மாதிரி ஒரு பீச்சல், மறுபடியும் காற்று. அருமனைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற எங்களுக்குக் கிணறுதான் கதி. மோட்டார் கிணற்றிலிருந்து டேங்கில் ஏற்றும், டேங்கிலிருந்து குழாய்க்கு வரும். டேங்க் பாதிகூட நிறையாததால்தான் குழாயில் காற்று புகுந்தது.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். மோட்டாரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், குழாய் மூட்டுகளில் டேப் சுற்றினார், அப்புறம் களியக்காவிளையிலிருந்து ஒரு பிளம்பரை வரவழைத்தார். வந்தவர் கிணற்றுக்குள் கிடந்த குழாயை வெளியே எடுத்து, அதன் நுனியில் ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கிற ஃபுட் வால்வைப் புதிதாக மாற்றினார். உச்சிவெயிலில் மோட்டாரைப் போட்டார். டேங்க் நிரம்பி வழிந்தது.

"தண்ணி நெறைய கெடக்கு அக்கா. ஒரு குழப்பமும் இல்ல" என்றார்.

டேங்க் தண்ணீர் தீர்ந்து விடியலில் மோட்டாரைப் போட்டபோது குழாய் மறுபடியும் இருமியது. பகலில் ஒழுங்காக ஓடுகிற மோட்டார் விடியலில் மட்டும் காற்றை இழுக்கிறது என்றால், காரணம் மோட்டாரில் இல்லை என்று எனக்குப் பட்டது. சந்தேகப்பட எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள்.

பக்கத்து வீடு என் வீட்டுக்காரரின் தம்பி வீடு. பாகம் பிரித்தபோது கிணறு சரியாக எல்லையில் வந்தது. எல்லைச்சுவர் கிணற்றின் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிடும், நடுவில் கிணறு மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. அவர்கள் குழாய் ஒன்று, எங்கள் குழாய் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் இறங்கியிருக்கும். ஒருத்தர் குழாயில் மற்றவர் கை வைப்பதில்லை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வைத்தால் வம்பு.

தம்பி மனைவி, என் ஓரகத்தி, இந்த ஊரில் எனக்கு வாய்த்த ஒரே கூட்டுக்காரி. அவள் மீன் குழம்பு வைத்தால் ஒரு பாத்திரம் கிணற்றுக்கு மேலாகவே என் கைக்கு வரும். அந்தப் பாத்திரத்தை நான் வெறுமனே திருப்பிக் கொடுத்ததே இல்லை. அப்படிப்பட்டவள் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்த மோட்டாரைச் சொல்லாமல் கொள்ளாமல் நாங்கள் போடுகிற விடியலுக்கு மாற்றியிருந்தாள். சாயங்காலம் வோல்டேஜ் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. எங்களுக்குத் தெரியாமல் குழாயை ஆழத்துக்கு இறக்கிவிட்டாள், அதனால்தான் அவளுக்குத் தண்ணீரும் எனக்குக் காற்றும் என்று முடிவுகட்டினேன். அவள் மோட்டார் சத்தம் கேட்டதும் விழுந்தடித்துக்கொண்டு நானும் போடுவேன். அவள் இன்னும் முந்துவாள். நானும் முந்துவேன். அவளுடைய பாத்திரம் என் அடுக்களையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது.

"ஏட்டி, பேசாம நாம ஒரு போர் போட்டுருவோம். சுவரையும் நீட்டிக் கட்டிருவோம். ஒருத்தருக்க தொல்லை வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர்.

சுவரை நீட்டினால் கிணற்றுக்கு மேலிருந்த அந்த இடைவெளி அடைபட்டுவிடும். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்க ரோட்டைச் சுற்றிப் போகவேண்டும். ஆனாலும் கட்டுவதற்கு முன் அவள் கள்ளத்தனத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஒரு விடியலில் அவள் மோட்டார் உறுமியது. வீட்டுக்காரரை எழுப்பி எங்கள் மோட்டாரையும் போடச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு கிணற்றடிக்குப் போனேன். கிணற்றின் மேல் மூடியிருந்த வலையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வெளிச்சம் உள்ளே விழுந்தது.

அவள்தான். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு.

"நீ இங்க என்ன செய்ய?" என்றேன்.

"நீங்க என்ன செய்யியளோ, அதுதான் அக்கா" என்றாள். துண்டை இழுத்து விட்டுக்கொண்டு, "எங்க குழாயில காத்துதான் வருது. நீங்க புது வால்வு போட்டப்ப குழாய ஆழமா எறக்கிட்டியளோன்னு ஒரு சம்சயம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பங்குனி முழுக்க நான் அவளைச் சந்தேகப்பட்டது எனக்கு நியாயமாகவே இருந்தது. அவள் என்னைச் சந்தேகப்பட்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "என்னையா? என்னையா சம்சயப்பட்ட?" என்று கேட்டேன். அவள் டார்ச்சைக் குழாய்களின் மேல் திருப்பினாள்.

கீழே தண்ணீர் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மோட்டாருக்கு ஈடுகொடுக்கிற ஊற்று, கோடையில் இரண்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு குழாய்களின் நுனிகளும் வெளியே தெரிந்தன. இரண்டும் ஒரே மட்டம். ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. இரண்டும் ஒன்றாகக் கொர்ரென்று காற்றை உறிஞ்சின.

நான் வீட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அதே நேரத்தில் அவளும் கத்தினாள். இரண்டு மோட்டாரும் நின்றன. நாங்கள் டார்ச்சை அணைக்காமல் நின்றோம். ஊற்று மெல்லச் சுரந்து முதலில் குழாய் நுனிகளைத் தொட்டது, பிறகு வால்வுகளை முழுசாக மூடியது.

"நாளைக்கு நீ மொதல்ல போடு மக்கா" என்றேன்.

மறுநாள் அவள் மோட்டார் ஓடியது. நான் கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே இழுத்தடிப்பாள் என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே சத்தம் நின்றது.

"அக்கா, ஊறட்டும். பொறவு போடுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

எழுந்து போய் அவள் பாத்திரத்தை எடுத்து, அதில் என்ன வைத்துக் கொடுக்கலாம் என்று அடுக்களையைத் துழாவினேன்.