எதிர்க்கட்சி நாற்காலியில் அமலா

எங்கள் தொழிலில் சாவுச் செய்தி வார்த்தையாக வருவது குறைவு. முதலில் ஒரு போட்டோ வரும். அதன் கீழே "அர்ஜென்ட், ஆறுக்கு எட்டு" என்று பேனரின் அளவு வரும். பெயரும் வயதும் அதற்குப் பிறகுதான். சென்ற மாதம் ஒரு காலையில் விழுப்புரத்தில் கடையைத் திறந்து, கணினியைப் போட்டுவிட்டு, செல்போனைப் பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து ஜான் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஜான், என்னோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த அமலாவின் தம்பி. போட்டோவில் இருந்தது அமலா. இவளுக்கு எதற்கு இப்போது பேனர், பிறந்த நாள்கூட இல்லையே என்று ஒரு நொடி நினைத்தேன். கீழே "அர்ஜென்ட், ஆறுக்கு எட்டு" என்று இருந்ததைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

கூப்பிட்டேன். "எங்க அக்கா விடியகாலையில போயிடுச்சிக்கா. பேனரு நீங்கதான் பண்ணணும். எல்லாருக்கும் போடுற மாதிரியே போட்டுடுங்க" என்றான். ஒரு வருடமாகச் சிறுநீரகக் கோளாறோடு மல்லுக்கட்டியவள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது என்பதால் அழுகை குறைந்துவிடவில்லை.

எல்லாருக்கும் போடுவது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நீலவானம், வெள்ளை மேகம், உருகும் மெழுகுவர்த்தி, ஒரு சொட்டுக் கண்ணீரோடு யாருடையதோ ஒரு கண், கீழே இரண்டு வரிசைக்கு உறவினர்களின் தலைகள். அமலாவுக்கு அப்படி ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. வேறு மாதிரி போட்டால், துக்க வீட்டில் உட்கார்ந்து அதற்காக வாதாட வேண்டும். இத்தனை காலம் நான் என் டிசைனுக்காக வாயைத் திறந்த ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் அவள் இருந்தாள். இந்த ஒன்றுக்கு அவள் வர முடியாது.

இதைப் படிக்கும் அச்சகத் தோழர்களில் பாதிப் பேருக்கு அவளோடு ஒரு தடவையாவது வாய்த்தகராறு வந்திருக்கும். மீதிப் பேர் அவளோடு சரியாகப் பழகாதவர்கள். நாங்கள் இருவரும் ஒரே வயது. விழுப்புரத்தில் ஒரே கடையில் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நான் கணினியில் வரைகிறவள், அவள் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் எடுக்கிறவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்ப் படிக்க வைத்த பெண். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வரும்போதே கண்டக்டரோடு ஒரு வழக்கை முடித்துவிட்டுத்தான் வருவாள்.

அந்தக் காலத்தில் எங்கள் கடையில் டிசைன் தேர்வாகும் முறை விசித்திரமானது. வாடிக்கையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். முதலாளி சொல்லியிருப்பதால் மூன்று மாதிரி காட்டுவேன். அவர் திரையில் விரலை வைத்து, "இந்தப் பூவ அதுல போடு, அதுல இருக்கிற கலர இதுல போடு" என்பார். நான் ஒரு வார்த்தை பேசாமல் போடுவேன். மூன்று நல்ல டிசைன் சேர்ந்து ஒரு கோரம் வெளியே போகும். பிறகு நாள் முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன்.

அமலாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "உனக்குப் பேச வராதுன்னு இல்லடி, பேசிப் பழக்கம் இல்ல. சாப்பாட்டு நேரத்துல என்கிட்ட பேசு, நான் கஸ்டமரு" என்றாள். டிபன் டப்பாவை மூடியதும் வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்காருவாள். அதற்கு எதிர்க்கட்சி நாற்காலி என்று பெயர் வைத்தோம். அதில் உட்கார்ந்த மறுநொடி அவள் வேறு ஆளாகிவிடுவாள். துப்பட்டாவைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொள்வாள், பல் குத்துவாள், நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது இல்லாத போனை எடுத்து "ஆங், சொல்லு மச்சான்" என்று பேச ஆரம்பிப்பாள். நான் கடுப்பாகிக் கத்தினால், "அவ்ளோதான், நான் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போயிட்டேன். ஆர்டரு போச்சி" என்று எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் நான் எழுத்துருவைப் பற்றியும் இடைவெளியைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ டிசைனுக்கு வக்கீலா வராத. இத யாரு பாக்கப் போறாங்க, எங்க நின்னு பாப்பாங்க, அத மட்டும் சொல்லு. மிச்சத்த அவங்களே சொல்லுவாங்க." தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பேச்சுதான்.

காணை பக்கத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து மல்லாட்டை எண்ணெய், அதாவது வேர்க்கடலை எண்ணெய், ஆட்டத் தொடங்கியபோது, பாக்கெட் டிசைன் எங்களிடம் வந்தது. கமிட்டி உறுப்பினர்கள் அத்தனை பேருடைய போட்டோவும் வேண்டும் என்று கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நான் ஒன்றைக்கூடப் போடவில்லை. பழுப்பு நிறத்தில் பிளந்த ஒரு மல்லாட்டை, உள்ளே பருப்பு, அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் அவர்களுடைய மில்லுக்கே போனோம்.

காட்டினேன், பேசினேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். தலைவர் ஏழுமலை, "நல்லா இருக்குதும்மா. பாத்து சொல்றோங்க" என்றார். நம் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று பொருள். வீடு தேடி வந்தவர்களை முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டு, வேறு கடைக்குப் போய்விடுவார்கள். நான் தாளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அமலா என் பக்கத்திலிருந்து எழுந்தாள். நேராகப் போய்க் கமிட்டி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். துப்பட்டா தோளுக்குப் போனது. "ஏம்மா, நாங்க இத்தினி பேரு அலைஞ்சி திரிஞ்சி மில்லு வச்சிருக்கோம். எங்க மூஞ்சி ஒண்ணுகூட இல்லியே. யாரு எண்ணெய்னு ஜனங்க வாங்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டு நேரப் பழக்கம், வாய் தானாகப் பதில் சொன்னது. "வாங்கறவங்க பாண்டிச்சேரியில கடையில நிக்கிறாங்க. அவங்களுக்கு உங்க மூஞ்சி தெரியாது, மல்லாட்டை தெரியும். அங்க எல்லா பாக்கெட்டுலயும் யாரோ ஒருத்தரு கும்பிட்டுக்கினு நிக்கிறாரு. கும்பிடாத ஒண்ணுதான் கண்ணுல படும்."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. ஏழுமலை, "இந்தம்மா எங்க கட்சியா, உங்க கட்சியா?" என்று கேட்டார். "இப்ப உங்க கட்சிதாங்க. மனசுல இருக்கிறத கேளுங்க, நானும் கூட சேந்து கேக்கறேன்" என்றாள் அமலா. அப்போதுதான் அவர் உள்ளதைச் சொன்னார். "மூஞ்சி காட்டிக்கணும்னு இல்லம்மா. நாளைக்கு எண்ணெயில கலப்படம்னு யாராவது சொன்னா, இன்னாருதான் ஆட்டுனாங்க, இவங்கள வந்து கேளுன்னு சொல்ல ஆளு வேணும்ல? அதுக்குதான் போட்டோ."

போட்டோ கேட்கிறவர்களை எல்லாம் விளம்பரப் பிரியர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது புதிது. அங்கேயே பேனாவை எடுத்து, மல்லாட்டைக்குக் கீழே 'காணை' என்று ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். "உங்கள எங்க வந்து கேக்கணும்னு இதுல தெரியும். வந்தவங்க பாக்கறதுக்கு போட்டோவ மில்லு சுவத்துல ஆள் உசரத்துக்கு வைப்போம்" என்றேன். ஏழுமலை அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அமலா சொன்னாள்: "எதிர்த்துப் பேசறவங்க நமக்கு உதவி பண்றாங்க. வாய மூடிக்கினு போறவங்கதான் நம்ம வேலைய கொல்றாங்க." அடுத்த நிறுத்தத்தில், "ஆனா அந்தப் பழுப்பு கலரு எனக்கு புடிக்கவே இல்லடி" என்றும் சொன்னாள். உண்மையில் என் டிசைன் எதுவுமே அவளுக்குப் பிடித்ததில்லை. அவளுக்கு ஜிகினா வேண்டும், ரோஜாப்பூ வேண்டும். தினமும் காலையில் மின்னுகிற ரோஜாவோடு எனக்கு வணக்கம் அனுப்புவாள். தனக்குப் பிடிக்காத டிசைனுக்காக ஊர் ஊராக வந்து எனக்குத் துணை நின்றவள். ஏன் என்று கேட்டால், "டிசைன் புடிக்கல, நீ சொல்ற காரணம் புடிக்குது" என்பாள்.

எல்லா இடத்திலும் ஜெயிக்கவும் இல்லை. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட வேலை அவள் அளவுக்கு மீறிப் பேசியதாலேயே கைநழுவியது. வெளியே வந்ததும், "தோத்தது டிசைன்தான், நாம இல்ல. பஜ்ஜி சொல்லு" என்றாள். அவள் காசில் அல்ல, என் காசில்.

ஜான் போட்டோ அனுப்பிய அந்தக் காலையில் நான் அவளுடைய பேனரைச் செய்து முடித்தேன். யாரிடமோ வாதாடி ஜெயித்த நேரத்தில் கடையில் நான் எடுத்த போட்டோ. வாய் நிறையச் சிரிப்பு. வெள்ளைப் பின்னணி, பெயர், அடக்கத் திருப்பலியின் நேரம். வேறு எதுவும் இல்லை. தாளில் அச்செடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். ஜான் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட கேட்டு சொல்றேங்க்கா" என்றான். நானே அம்மாவிடம் எடுத்துப் போய், அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். "சிரிச்சிக்கினு இருக்கிறாளே" என்றார். "சாவுக்கு வர்றவங்க இன்னா நினைப்பாங்க? பல்லு தெரியாம பண்ண முடியாதாம்மா?"

"முடியும்மா. ஆனா வேணாம்" என்றேன். "வர்றவங்க எல்லாம் இவகூட பேசிச் சிரிச்சவங்க, சண்டை போட்டவங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச அமலா இதுதான். அழுவுற கண்ணு படத்த போட்டா, வேற யாரோன்னு தாண்டிப் போயிடுவாங்க."

அதற்குமேல் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. சொல்லவில்லை. தெருவில் பந்தல் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் தாளைத் துடைத்தார்.

"பொறந்ததுல இருந்து இவ வாய மூடினதே இல்ல" என்றார். "செத்தப்புறம் எதுக்கு மூடணும். இதையே போடும்மா."

மதியத்துக்குள் பேனர் தெருமுனையில் நின்றது. விழுப்புரத்திலிருந்து வந்த அச்சகத்து ஆட்கள் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, பிறகு அழுதார்கள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பது. அன்று நான் அப்படி உட்கார்ந்திருந்ததால்தான், என்னிடம் இருந்த எல்லாக் காரணங்களையும்விட நல்ல காரணத்தை அவள் அம்மா சொன்னார்.