அந்த பூட்ஸ் நான்தான்

ஒன்பது கரண்டி, நாலு கத்தி, ஒரு கத்தரிக்கோல். இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் வாரண்ட் வீட்டைப் பூட்டுவார். சமையலறைச் சுவரில் ஒவ்வொன்றின் உருவத்தையும் சிவப்புப் பெயிண்டில் வரைந்து, அதன் மேலேயே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். எது காணாமல் போனாலும் அதன் சிவப்பு நிழல் பல்லை இளிக்கும்.

"கரண்டிக்கென்ன, றெக்கையா முளைச்சிடும்?" என்பார் மனைவி.

"றெக்கை இருக்கிறதுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கும். அதாம்மா பயம்."

விமானப்படையில் இருபத்தெட்டு வருஷம் விமானங்களைப் பழுதுபார்த்து, வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் அவர் பதவியின் முன்பாதி மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது. "வாரண்ட் வருது, யாரைப் புடிக்கவோ?" என்று லிஃப்டில் யாராவது சீண்டினால், "மேல போறவங்களை" என்பார், சிரிக்காமல்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி.

"பிளேன் ஓட்டுனீங்களா சார்?"

"ஓட்டல. ஓட விட்டேன்."

கேட்டவர் முகத்தில் ஆர்வம் அணைந்து போகும். அணைகிற அந்த நொடியை வாரண்ட் ஒருபோதும் தவறவிட்டதில்லை.

ஓட்டியவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். கமாண்டர். இருவரும் ஒரே படைத்தளத்தில் இருந்தவர்கள். எழுபத்தாறு வயதிலும் அவருக்குத் தொப்பை விழவில்லை, தலைமுடி கொட்டவில்லை. இரண்டுமே வாரண்டுக்கு வயிற்றெரிச்சல். குடியிருப்பின் கூட்ட அறையில், விமானியின் இருக்கையிலிருந்து கமாண்டர் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் பெரிய புகைப்படம் தொங்குகிறது. அதன் கீழ் மூலையில், விமானத்தின் வயிற்றுக்கடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "அந்த பூட்ஸ் நான்தான்" என்று வாரண்ட் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார், மீட்டர் பார்க்க வந்தவருக்குக்கூட.

ஒருவர் மேலே போகப் பத்துப் பேர் கீழே முதுகொடிகிறார்கள். பதக்கம் மட்டும் மேலே போனவர் மார்பைத்தான் தேடிப் போகிறது. இதை ஒழுங்கு என்கிறார்கள். ஒழுங்கு என்று பெயர் வைத்துவிட்டால் அநியாயத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை குடியிருப்போர் கூட்டத்தில் கமாண்டர் அந்தக் கதையைச் சொல்வார். விடியற்காலை, புறப்படத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்த அதிர்ஷ்டக் காசைத் தொடுகிறார். காசு சில்லென்று இருக்கிறது. போகாதே என்று ஏதோ ஒன்று சொல்கிறது. இறங்கித் தேடச் சொல்கிறார். இருக்கைக்கடியில் ஒரு ஸ்க்ரூடிரைவர்! மேலே போனதும் அது உருண்டு நெம்புகோலில் சிக்கியிருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். "காசுதான் காப்பாத்துச்சு" என்று முடிப்பார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். பிறகு காசு கைக்குக் கை மாறிக் கூட்டத்தைச் சுற்றி வரும்.

நடந்தது வேறு. அன்று வாரண்டின் பெட்டியில் பன்னிரண்டு கருவிகளில் பதினொன்றுதான் இருந்தன. அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் ஓர் அங்குலம் நகராது. "போட்டுத் தொலைய்யா!" என்று மேலேயிருந்து கமாண்டர் கத்தினார். போடவில்லை. நாற்பது நிமிஷம் தேடி எடுத்தார்கள்.

இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் இருக்கையைச் சரிசெய்தபோது ஸ்க்ரூடிரைவரை அங்கேயே விட்டு வந்தவர் அவர்தான். அதற்காகப் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. மனைவியிடம், "இடம் காலியில்லையாம்" என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு வருஷமும் பொறாமை தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிடும்.

இந்த வருஷம் காசு அவர் மனைவியின் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பீங்க" என்றார்.

வாரண்ட் எழுந்துவிட்டார்.

"காசுக்கு எண்ணத் தெரியுமா சார்? பன்னெண்டுல ஒண்ணு குறைஞ்சுது. நான் கையெழுத்துப் போடல. அதான் நின்னுச்சு."

கமாண்டர் சிரித்தார். "சரிப்பா வாரண்ட், அதை அங்க விட்டது யாரு?"

கூட்டமும் சிரித்தது.

"நான்தான்."

சிரிப்பு நின்றது.

"விட்டதும் நான்தான், நிறுத்துனதும் நான்தான். இனிமே சொன்னா ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க."

கமாண்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாருங்க, இந்த நேர்மைதான்யா நம்ம படை!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. "கமாண்டருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது வாரண்டின் காதில் துல்லியமாக விழுந்தது.

"அந்த ரெண்டு வருஷம் இதுக்குத்தானா?" என்றார் மனைவி. அவர் தலையசைத்தார். மனைவி எழுந்து போய்க் காசைக் கமாண்டரின் உள்ளங்கையில் வைத்து, "இது உங்களோடது சார்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார்.

கூட்டம் கலைந்தது. வாரண்ட் புகைப்படத்தின் முன்னே போய் நின்றார். கைக்குட்டையை எடுத்தார். குனிந்து, கண்ணாடியின் கீழ் மூலையில் வாயால் ஊதி, பூட்ஸ் இரண்டும் பளிச்சென்று தெரியும்வரை அழுத்தித் துடைத்தார். அதற்கு மேலே படிந்திருந்த தூசியை அப்படியே விட்டுவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.