பெரியப்பா சாத்தாத கதவு

என் மகளின் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஓடாது, சத்தமும் கிடையாது. லிஃப்டின் கூரை மூலையில் இருக்கும் கேமரா எடுத்தது. உள்ளே ஒரு கிழவி கையில் கறிவேப்பிலைக் கட்டோடு கதவைத் தட்டுகிறாள், நாலு பக்கமும் சுற்றி வருகிறாள், இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுகிறாள், கடைசியில் கறிவேப்பிலையையே கொடிபோல வீசிக் காட்டுகிறாள். நடுவில் வாயை அகலத் திறந்து மூடுகிறாள். அந்தக் கிழவி நான்தான். காக்கநாட்டில் மகள் குடியிருக்கும் அடுக்கு மாடிக் கட்டடத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ புண்ணியவான் அதை வேகம் கூட்டிப் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். "அம்மா ஸ்டாராயாச்சு, கேட்டோ" என்று மகள் கொண்டுவந்து காட்டினாள். நானும் சிரித்துவைத்தேன். சிரிக்காவிட்டால் கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது என்று அதையும் பேசுவார்கள். ஆனால் இதே கையாட்டலை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், மட்டாஞ்சேரியில், பத்து வயதில், ஒரு ஜன்னல் கம்பி வழியாக.

என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், பேசாத படங்களின் காலத்தில் சிரிப்பு நடிகராக இருந்தவர். நாங்கள் தலைமுறைகளாக மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் வாங்கி விற்ற தமிழ்க் குடும்பம். அதிலிருந்து ஒருவர் மதராசுக்கு ரயிலேறிப் போய் முகத்தில் மாவு பூசிக்கொண்டு நடித்தார் என்பதை வீட்டுப் பெரியவர்கள் பெருமையாகச் சொன்னார்களா வெட்கத்தோடு சொன்னார்களா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. முதல் படத்தில் அவருக்கு வேலைக்காரன் வேடம். எஜமானுக்குப் பயந்து நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்துக்குள் ஒளிய வேண்டும். முன்பக்கப் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளியில் அவர் முகமும் கைகளும் தெரியும்படி படம் எடுத்தார்கள். பாதியில் மேல்மூடி நிஜமாகவே இறுகிக்கொண்டது. நல்ல வெயில், உள்ளே நெல் தூசி, மூச்சு முட்டுகிறது. காப்பாற்றச் சொல்லிக் கத்தியிருக்கிறார். கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. டைரக்டர் சொன்னாராம்: "வாயை மூடுய்யா. நீ கத்தினா கொட்டகையில யாருக்குக் கேக்கப்போவுது? கேமராவுக்குக் காது கிடையாது. கையில காட்டு." பெரியப்பா கையில் காட்டினார். படம் போன ஊரிலெல்லாம் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த படத்தில் எண்ணெய்ப் பீப்பாய்க்குள் போட்டார்கள். அப்புறம் துணிப்பெட்டி, புகைக்கூண்டு, பாழுங்கிணறு. ஒரே ஒரு படத்திலாவது தெருவில் சும்மா நடந்துபோகிற வேடம் கொடுங்கள் என்று கேட்டாராம். நீ எப்போது மாட்டுவாய் என்று பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்றார்களாம். திரையில் எல்லாரும் நடிப்பு என்று நினைத்த அந்தப் பயம் முதல் நாளிலிருந்தே அவருக்கு நிஜம். பேசும் படம் வந்ததும் பாடத் தெரிந்தவர்களைத் தேடிப் போனார்கள். மலையாளம் கலந்த எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டு அங்கே சிரித்த சிரிப்பு வேறு மாதிரியானது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அந்தப் படங்களில் ஒன்றுகூட இன்று எங்கும் இல்லை. நானும் பார்த்ததில்லை.

நான் அறிந்த பெரியப்பா ஐம்பதைத் தாண்டியவர், மனைவி மக்கள் இல்லாமல் எங்களோடு இருந்தவர், எந்தக் கதவையும் சாத்த விடாதவர். குளிக்கும்போது கதவை மூடாமல் வாசலுக்குக் குறுக்கே துண்டைத் தொங்கவிடுவார். படுக்கை இரண்டு பக்கமும் திறந்த நடையில். பஸ்ஸில் இடம் கிடந்தாலும் படியருகே நின்றுதான் வருவார். பஜாரில் ஒரு சேட்டுவின் கிடங்கில் சுக்கைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். மூக்கருகே வைத்து ஒரு தடவை முகர்ந்தாலே எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று பேர். அவர் உட்காரும் அறை கிடங்கின் கோடியில், ஒரு பலத்த கதவும் முற்றத்தைப் பார்த்த உயரமான ஜன்னலுமாக இருந்தது. தினமும் சட்டைப்பையில் ஒரு மரக்கட்டையைக் கொண்டுபோய் அந்தக் கதவின் அடியில் செருகிவைத்துவிட்டுத்தான் உட்காருவார். பொழுது சாய்ந்ததும் கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பெரியப்பாவின் கட்டை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கேலிப் பொருள்.

பள்ளிக்கூடத்தில் நான் பெரியப்பாவைப் பற்றி வாய் கிழியப் பேசியிருந்தேன். நாலு தோழிகளும் நம்பவில்லை. "சினிமாக்காரன் சுக்கு பெறுக்கறானா? எந்நா ஒந்நு காணிச்சுத் தா" என்றாள் ஒருத்தி. காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிக் காட்டுவது? கேட்டால் பெரியப்பா நடித்துக் காட்ட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டால் நடிப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்களை முற்றத்து ஜன்னலருகே சாக்கு மூட்டைகள்மேல் ஏற்றிவிட்டு, நான் மட்டும் உள்பக்கமாகப் போய், அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபோது கட்டையை உருவிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பிறகு ஓடிவந்து நானும் மூட்டைமேல் ஏறிக்கொண்டேன்.

முதலில் உள்ளங்கையால் கதவைத் தட்டினார். தோளால் இடித்தார். பிறகு திரும்பி நாலு சுவரையும் தடவிக்கொண்டே ஓடினார். கைகள் மேலே போயின, விரல்கள் விரிந்து நடுங்கின, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதின. சிரித்த சிரிப்பில் ஒருத்தி மூட்டையிலிருந்து சரிந்து விழுந்தாள். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சுக்கு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்திருப்பார்கள். பெரியப்பா வாயை அகலத் திறந்துகொண்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார். கம்பிகளுக்கு நடுவில் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அதுவும் நடிப்பு என்றுதான் நினைத்தோம். ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, பக்கத்திலிருந்த தகர டப்பாவின் மூடியை எடுத்துத் தொப்பிபோலத் தலையில் வைத்து எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகும் கைகளை ஆட்டினார், ஆனால் சத்தம் வரவில்லை. தோழிகள் கை தட்டினார்கள். நான் இளவரசிபோல இறங்கி அவர்களோடு படகுத்துறைவரை நடந்தேன். வழியெல்லாம் என் பெருமைதான் பேச்சு. கதவு நினைவுக்கு வந்து திரும்பி ஓடியபோது வெயில் முற்றத்தின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது.

திறந்தபோது அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. தகர மூடியை இன்னும் கையில் பிடித்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் சிரிச்சாங்களா மோளே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டில் அவர் சொன்னது இதுதான்: "தாழ் தன்னாலே விழுந்து போச்சு. பழைய கதவல்லவா." அப்பா சிரித்தார். "முற்றம் நிறைய ஆள் உண்டாயிருந்ததே, அண்ணன் ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லே?" என்றார். "கேமராவுக்குக் காது இல்லையே" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் கிடங்குக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். சேட்டு ஒரு வாரம் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்தார். பிறகு அவர் சாகும்வரை அந்த நடையில்தான் கிடந்தார், தம்பி வீட்டில் சும்மா சாப்பிடுகிற அண்ணனாக. அம்மா அவர் தட்டை வைக்கும் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். வேலைக்குப் போக மடி, சோம்பேறித்தனம் என்று அப்பாவும் சொல்லத் தொடங்கினார். தாழ் போட்டது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தட்டு கொஞ்சம் மெதுவாக வைக்கப்பட்டிருக்கும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. அவர் போனபிறகு சொல்ல ஆளும் இல்லை. எத்தனையோ வருடங்கள் நான் என்னையே சமாதானம் செய்துகொண்டது இப்படித்தான்: அவர் கத்தாதது பழக்கதோஷம். கத்தாமல் பயப்பட அவருக்குப் பயிற்சி இருந்தது. கத்தியிருந்தால் யாராவது திறந்திருப்பார்கள், அவ்வளவு நேரம் கிடந்திருக்க மாட்டார், வேலையும் போயிருக்காது. ஆக, தப்பில் பாதி அவருடையது.

போன வாரம் கறிவேப்பிலை வாங்கக் கீழே போய்விட்டு ஏறும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவசர மணியை அமுக்கினேன், அடிக்கவில்லை. மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி தெரிந்தது. உடனே எனக்குப் பெரியப்பாதான் ஞாபகம் வந்தார். கேமராவுக்குக் காது கிடையாது, கையில் காட்டு. அவர் ரத்தம்தானே நானும், பதறாமல் கையில் காட்டுவோம் என்று தொடங்கினேன். சுவர்கள் பக்கத்தில் வந்தன. காற்று போதாமல் ஆனது. என்னைக் கேட்காமலே என் வாய் திறந்துகொண்டது. தொண்டை கிழியக் கத்தினேன். மகளை, செத்துப்போன அம்மாவை, யார் யாரையோ கூப்பிட்டேன். அந்த இடத்தில் பயிற்சி, பழக்கம் எதுவும் நிற்காது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்துவிட்ட காவலாளி, தேனிப் பக்கத்து ஆள், தலையைச் சொறிந்தார். "டிவில பார்த்தேம்மா. பாட்டுப் பாடிக்கிட்டே எக்ஸர்சைஸ் பண்றீங்கன்னு நெனச்சேன்."

முற்றத்தில் அத்தனை பேர் இருந்தும் பெரியப்பாவின் வாயை மூடவைத்தது எது என்று அந்த லிஃப்டுக்குள் எனக்குத் தெரிந்துபோனது. ஆட்கள் ஓடிவந்திருந்தால் தாழ் போட்டது யார் என்றும் கேட்டிருப்பார்கள், நான் மாட்டியிருப்பேன்.

நேற்று மகள் மறுபடியும் அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எந்தப் பாட்டாக்கும் இது?" என்று சீண்டினாள். பாட்டு இல்லை, கத்தினேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மரக்கட்டையிலிருந்து தட்டு வைக்கும் சத்தம்வரை. கேட்டுவிட்டு, "குரூப்பில இருந்து எடுக்கச் சொல்லட்டாம்மா?" என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவள் எழுந்துபோன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கைகள் அவருடைய கைகள்தான். கறிவேப்பிலை இருந்த இடத்தில் தகர மூடி இருந்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்தப் படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. பெரியப்பா நடித்து நான் பார்த்த ஒரே படத்தில், அந்த ஜன்னல் கம்பிக்குள், என்னைப் பார்த்த பிறகு அவர் வாய் மூடியே இருந்தது.