முட்டைப் பெட்டிக்குப் பூட்டு உண்டா?

சேசம்மாள் கூடாரத்தில் ஒரு நாளும் படுத்தவள் இல்லை. ஆனால் அயோவாவில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கூடாரம் போட எந்த இடம் தேவலை, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினால் எங்கே சக்கரம் சேற்றில் புதையும், எந்த மாதம் போனால் அறுவடை மிஷின் சத்தத்தில் தூக்கம் போய்விடும் என்றெல்லாம் கேட்டால் சொல்லுவாள். மும்பை தாராவியில், சால் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில், பத்துக்குப் பன்னிரண்டடி அறையில், அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் பார்க்கும் வேலை அது.

அமெரிக்காவில் அப்படித் தங்கும் இடங்களைப் பட்டியல் போடும் வலைத்தளம் ஒன்று. தங்கிப் போனவர்கள் அதில் ரிவ்யூ எழுதுவார்கள். எழுதியது தங்கினவர்தானா, இல்லை இடத்துக்காரரே ஆள் வைத்து எழுதிக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். செம்பூரில் இருக்கும் சின்ன ஆபீசுக்குத் திங்கட்கிழமை மட்டும் போனால் போதும்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் அம்பர்நாத் மருந்துக் கம்பெனியில் இருந்தாள். ஓடுகிற பெல்ட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்து உடைந்ததை எடுத்துப் போடுகிற வேலை. போக வர மூன்று மணி நேரம் ரயில், அங்கே எட்டு மணி நேரம் நின்றபடி. முட்டி இரண்டும் வீங்கின பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. உடைந்ததைக் கண்டுபிடிக்கும் கண் அப்படியே கூட வந்துவிட்டது.

கண் மட்டுமா? மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், கடைசியில் மீன்காரியின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள். கேஸ் சிலிண்டரைத் தராசில் மாட்டாமல் உள்ளே விட மாட்டாள். கோயில் அசன விருந்துக்குக் குலுக்கல் நடந்தால், சீட்டு எல்லாவற்றையும் முதலில் விரித்துக் காட்டச் சொல்லுவாள். அவள் கணவர் மரியசூசை டிராம்பேயில் ஒரு கம்பெனியில் பிட்டர். சொந்தக்காரர் வந்தால் சொல்லிச் சிரிப்பார்: “கல்யாணத்துக்கு முன்ன எங்க கம்பெனி கேட்டுக்கு ஆள் அனுப்புனவல்லா இவ! நான் உள்ள போறேனா, வெளிய டீ குடிச்சிட்டு நிக்கேனான்னு பாத்துட்டு வரச் சொல்லி.”

“ஆமா, அன்னைக்கு நீங்க டீதான் குடிச்சிட்டு நின்னிய” என்பாள் சேசம்மாள், திரும்பிப் பார்க்காமலே.

மூன்று மாதத்தில் மூன்று தப்பு வந்தால் ஆளை எடுத்துவிடுவார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு. முதலாவது ஒரு பொதுக் குளியலறைப் படம். சோப்பும் துவாலையும் யாரும் தொடாமல் அடுக்கி இருந்தது. பொதுக் கக்கூசில் சோப்பு இப்படிக் கிடக்குமா, பொய் என்று தள்ளினாள். உண்மையாக இருந்தது. இரண்டாவதில் ஒருவர், பக்கத்து வண்டிக்காரர் டயர் மாற்றித் தந்துவிட்டு ஒரு காசும் வாங்கவில்லை என்று எழுதியிருந்தார். தள்ளினாள். அதுவும் உண்மை.

ஒரு திங்கட்கிழமை மானசா அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள். மாதுங்காப் பெண், வயது இருபத்தெட்டு, மேற்பார்வை வேலை. “ஆன்ட்டி, இத நீங்களே பாருங்கோ. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். மூணாவது ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

சேசம்மாளுக்கு அங்கேயே சந்தேகம் பிடித்தது. இத்தனை பேர் இருக்க, தனக்கு ஏன் இது? மூலை மேஜையில் சுஷ்மா என்று புதிதாக ஒருத்தி வேறு உட்கார்ந்திருந்தாள். தன் இடத்துக்குத்தான் ஆள் எடுத்துவிட்டார்களோ?

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தாள். அயோவாவில் ஒரு பண்ணை. டோரிஸ் என்ற கிழவி, தன் சோள வயல் ஓரத்தில் பதினாறு வண்டி நிற்க இடம் விட்டிருந்தாள். முப்பத்தொரு ரிவ்யூ. முப்பத்தொன்றிலும் ஒரே கதை: வாசலில் சின்னக் கொட்டகை, அதில் முட்டை, விறகு. காவலுக்கு ஆளே கிடையாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பெட்டியில் காசைப் போட்டுவிட்டுப் போகலாம்.

“ரோட்டோரத்துல காசுப் பெட்டி! காவக்காரன் கெடையாது! முப்பத்தோரு பேரும் எடுத்ததுக்குக் காசு போட்டாவளாம்!”

“தள்ளிரு சவத்த” என்றார் மரியசூசை.

“தள்ளி, அது நெசமா இருந்துட்டா? மறுபடி அம்பர்நாத் வண்டி ஏறணும். வேற எவன் என்னய வேலைக்கு எடுப்பான்?”

“அப்ப நெசம்னு விட்டுரு.”

“விட்டு, அது பொய்யா இருந்தா? பிள்ளைகளக் கூட்டிட்டு முந்நூறு மைல் வண்டி ஓட்டிட்டுப் போவான், அங்க வெறும் சேறுதான் கெடக்கும். அதுவும் என் தலையிலதான் விடியும்.”

இரண்டு நாள் அதையே பார்த்தாள். எழுதிய தேதிகள் சரியாக இருந்தன. ஜூலைப் படத்தில் சோளம் ஆள் உயரம், அக்டோபர் படத்தில் காய்ந்த தட்டை. அதுவும் சரி. பெட்டி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. இடத்துக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி உண்டு. மற்றவர்கள் லைசென்ஸ் கேட்பார்கள், புதுப் படம் கேட்பார்கள். புதன்கிழமை சேசம்மாள் எழுதிய கேள்வியைப் பார்த்துவிட்டு மானசா போன் பண்ணினாள்.

“ஆன்ட்டி, பெட்டிக்குப் பூட்டு உண்டான்னு கேட்டிருக்கேள். இது என்ன கேள்வி? எல்லாரையும் தாராவின்னே நெனச்சுக்கறேளா?”

“தாராவிக்கு என்ன கொறச்சல்? என் வீட்டுச் சாவிய அடுத்த வீட்லதான் குடுத்துட்டுப் போறேன். அவள எனக்குத் தெரியும். இந்தக் கெழவிக்கு வார போற ஆளத் தெரியுமா?”

“பூட்டு இருந்தா என்ன, இல்லேன்னா என்ன?”

“கதை உண்டாக்குதவன்னா பூட்டே கெடையாதுன்னு எழுதுவாம் பிள்ள. நாங்க எல்லாரையும் நம்புதோம்னு. நெசமாவே பெட்டி வச்சிருக்கவ பூட்டாம வச்சிருப்பாளா?”

மானசா சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. கேள்வி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் பிடித்து முடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் பதில் கிடந்தது. டோரிஸ் நான்கே வரி எழுதியிருந்தாள். பூட்டு இரண்டு. முதலில் ஒன்றுதான் இருந்தது, நாலு வருடத்துக்கு முன்னால் எவனோ உடைத்துவிட்டான். அதற்குப் பிறகு பெட்டியைச் சிமென்ட்டில் புதைத்தாயிற்று. கடைசி வரி ஒரு கேள்வி: இதையெல்லாம் கேட்பது யார், எதற்காகக் கேட்கிறீர்கள்?

சேசம்மாள் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

“இங்கரும், பாத்தியளா” என்றாள். “இவ நெசமான ஆளுதான்.”

“எப்பிடிச் சொல்லுத?”

“என்னயவே சந்தேகப்படுதாளே!”

உண்மை என்று குறித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு கை சும்மா இருக்கவில்லை. பாதி உளுந்தைப் புடைத்து, புடைத்ததையே மறுபடியும் புடைத்தாள். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றி, குறித்தது சரியா என்று நேரில் போய்ப் பார்க்கும் ஆள் ஒருவன் உண்டு. அவன் போய் வந்து எழுதுகிற வரைக்கும், ஆணியில் தொங்கிய பழைய அம்பர்நாத் கம்பெனிப் பையைப் பார்க்கிற போதெல்லாம் முட்டி வலிப்பது போல இருந்தது.

அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. செம்பூர் ஆபீசில் மானசா ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினாள். “சரியாத்தான் இருக்கு ஆன்ட்டி. உங்க கணக்கு ரெண்டுலயே நிக்கறது. இந்த மாசம் முடிஞ்சா அதுவும் அழிஞ்சுடும்.”

சேசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டாள். “அவன் என்னதான் எழுதிருக்கான், வாசி.”

“இடம் சமமா இருக்காம். தண்ணி நல்ல தண்ணி. மேற்கு காத்து அடிச்சா பன்னிப் பண்ணை வாசனை வருமாம். முட்டை வாங்கினானாம், நன்னா இருந்துதாம். பெட்டி சிமென்ட்டுலதான் இருக்கு. மூணு பூட்டு.”

“மூணா?” சேசம்மாள் நிமிர்ந்தாள். “ரெண்டுன்னுல்லா எழுதுனா?”

“மூணாவது புதுசா இருக்குன்னு போட்டிருக்கான் ஆன்ட்டி. உங்க கேள்வி போனதுக்கு அப்பறம் வாங்கி மாட்டிருப்பா.”

சேசம்மாள் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். சாவி அடுத்த வீட்டில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

“நல்ல விவரமான பொம்பள” என்றாள்.