சீருடையில் வந்தவர்

வேலை போனவர்களுக்கான உதவித்தொகை கேட்டு அம்பத்தூர் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் தேய்த்த கம்பெனிச் சட்டையில் இருந்தார். அடிக்கடி சாப்பாட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கும் பயம்தான்; வாய் மட்டும் அடங்கவில்லை.

“அண்ணாத்தே, யூனிஃபார்மைப் பார்த்தா, வேலையில கீறீங்கன்னு துரத்திடுவாங்க.”

“ஊட்ல இன்னும் சொல்லல நைனா. ஷிப்டுக்குப் போறேன்னுதான் நெனச்சிகினு கீறாங்க.”

“மூணு மாசம் பாதி சம்பளம் வரும். அதுக்குள்ள வேலை கெடச்சிடும்.”

“கெடச்சாலும் இது நின்னுடும். கெடைக்கலன்னாலும் நின்னுடும்.” என் பையைப் பார்த்தார். “நீ ஊட்ல சொல்ட்டியா?”

என் பையிலும் சாப்பாடுதான் இருந்தது.

ஷிப்ட் முடியும்வரை அண்ணனூர் ஸ்டேஷன் பெஞ்சில் இருப்பாராம், என்னையும் கூப்பிட்டார். போகவில்லை. இன்றும் ரயில் அங்கே நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். அதே சட்டையில் அவர் இன்னும் உட்கார்ந்திருந்தால்?