வாய்க்கரிசிக்கு அண்ணன் வைத்த நிபந்தனை

எங்கள் அண்ணனின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அழுதுகொண்டே எழுதுவேன் என்றுதான் உட்கார்ந்தேன். அண்ணனை நினைத்தால் சிரிப்பு முந்திக்கொள்கிறது.

அண்ணன் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், படிப்பை விட்டுவிட்டுச் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலைக்கு ஏறினார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். பிறகு மம்பாவில் வீடு வாங்கி எல்லாரையும் அங்கே கொண்டு வந்தார். பஞ்சராகும் லாரி டயரைத் தவிர வேறு யாரையும் அவர் திட்டிக் கேட்டதில்லை.

அவர் சட்டைப்பையில் எப்போதும் கேஸ்ட்ரிக் மாத்திரை அட்டை இருக்கும். கல்யாண வீட்டில் யாராவது நெஞ்சைத் தடவினால் போதும், ஒன்றைப் பிய்த்து நீட்டிவிடுவார். அதிகம் வாங்கிச் சப்பியது தம்பிதான். "கேஸ்ட்ரிக்தான் லா, நம்மாளுங்கள்ல யாருக்கு இல்ல?" என்பார் அண்ணன். எங்களுக்கும் அது ஒரு வியாதியாகவே தெரியவில்லை.

உடம்பு இளைத்து, சோறு இறங்காமல் போன பிறகுதான் சிரம்பான் ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய், முற்றியிருந்தது. சிறு வயதிலேயே வயிற்றில் குடியேறிய ஒரு கிருமி, பல காலம் புண்ணாக்கி இதற்கு வழி செய்திருக்கலாம் என்றார் டாக்டர். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லையாம். ஆனாலும் கூடப் பிறந்தவர்கள் சோதித்துக்கொள்வது நல்லது என்றார். மூச்சை ஊதிக் காட்டும் சோதனைதான்.

எனக்குக் கிருமி இல்லை என்று வந்தது. தம்பியோ அசையவில்லை. "தெரிஞ்சு என்னா ஆவப்போவுது அக்கா? விடு லா" என்றான். அவனும் அண்ணன் வழியே போய்விடுவானோ என்று பயந்து அண்ணனிடமே சொன்னேன்.

அண்ணன் அவனைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"டேய், போய் ஊதிட்டு வா. இல்லன்னா எனக்கு வாய்க்கரிசி போட வராத. போட்டாலும் துப்பிருவேன்."

அவர் சிரிக்கவில்லை. தம்பி மறுநாளே புறப்பட்டான்.

அவனுக்குக் கிருமி இருந்தது. இரண்டு வாரம் கை நிறைய மாத்திரை, வாயெல்லாம் கசப்பு. பாதியில் நிறுத்தப் பார்த்தான். அண்ணி, அண்ணனையும் பார்த்துக்கொண்டு, வேளை தவறாமல் இவனுக்கும் போன் போட்டு விழுங்க வைத்தார். சில வாரம் கழித்து மறுபடி ஊதினான். கிருமி போய்விட்டது. புற்றுநோய் ஆபத்து அடியோடு நீங்காவிட்டாலும் நன்றாகக் குறையும் என்று டாக்டர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"இனிமே போடலாம்டா" என்றார் அண்ணன். பெரிய சுமையை இறக்கிவைத்தவர் போலிருந்தார். அதன்பின் வலி வந்தாலும் அவர் கலங்கி நாங்கள் பார்க்கவில்லை. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அண்ணிக்கும், முகம் சுளிக்காத தாதியருக்கும், தினமும் வந்து கலாட்டா செய்து அவரைச் சிரிக்க வைத்த லாரி நண்பர்களுக்கும், சடங்குகளில் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இன்றைய படையல் பந்தியில் இன்னும் ஊதாதவர்களுக்கும் இலை உண்டு. சாப்பிட்டுவிட்டு, நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

அன்று தம்பி குனிந்து வாய்க்கரிசி போட்டான். அத்தனை அழுகைக்கு நடுவிலும் நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி அப்படியே இருந்தது. அண்ணன் துப்பவில்லை.