முதலியார்பேட்டையில் காற்று வரும் அறுபது வீடுகள்

காலை 9.50. கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லையைத் தாண்டும்போதே பேருந்தின் சன்னல் கம்பி கையைச் சுட்டது. மே மாதம். காலாப்பட்டில் பாதிக் கூட்டம் இறங்கியது. பிள்ளைச்சாவடியில் ஏறிய மீன்கூடைகளோடு நகருக்குள் நுழைந்தேன்.

பேருந்து நிலையத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். மூடிய மில்லுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய குடியிருப்பு என்றதும் ஓட்டுநர், "கரண்டு இல்லன்னாலும் தூங்குறாங்களே, அந்த வூடுங்களா?" என்றார். அதைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

11.00. குடியிருப்போர் சங்கத் தலைவி செல்வி வாசலில் நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. மில் மூடும்வரை நூல் நூற்றவர்; இப்போது பள்ளிக்கூடமொன்றில் சமையல் வேலை. பழைய ஓட்டு வீடுகளை இடித்து ஐந்து மாடி கட்டித் தருவதாகச் சொன்னபோது முதல் வரைபடத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர் இவர்தான். நடுவில் இருட்டு நடைவழி, இருபுறமும் வீடுகள், வீட்டுக்கு ஒரே பக்கம் சன்னல். வருடக்கணக்கில் மில் புழுக்கத்தில் நின்றவருக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே மூச்சு முட்டியதாம்.

சும்மா மறுக்கவில்லை. பழைய புடவைகளைக் கிழித்து, கூரைக்கு ஒரு துண்டாகக் கட்டினார். எந்த நேரத்தில் எந்தத் திசையில் பறக்கிறது என்று பெண்கள் முறைவைத்து ஒரு மாதம் எழுதினார்கள். அந்த நோட்டைப் பார்த்த கட்டடக் கலைஞர் ழோசெஃபின் வரைபடத்தையே மாற்றினார். இப்போது நடுவே வானம் தெரியும் முற்றம், வீட்டுக்கு எதிரெதிரே சன்னல்கள், மேற்கு வெயிலைத் தடுக்கத் துளைவிட்ட செங்கல் சுவர். அதே இடத்தில் அறுபது குடும்பங்கள்.

இதனால் வேலை எட்டு மாதம் தள்ளிப்போனது. ஒழுகும் கூரையின் கீழ் இன்னொரு மழைக்காலத்தைக் கழித்த முருகையன் அன்றிலிருந்து செல்வியோடு பேசுவதில்லை. இருவரும் எதிரெதிர் வீடு.

1.20. மின்சாரம் போனது. பக்கத்து வரிசை ஓட்டு வீடுகளை இடித்து இரண்டாவது ப்ளாக் கட்ட இதே முறையா, முதல் வரைபடமா என்று முடிவு செய்ய அன்றுதான் அரசுப் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். மே மாத வெயிலில் இதெல்லாம் தாங்காது என்பது அவர் எண்ணம். வெளியே வெப்பமானியைப் பிடித்தார்: முப்பத்தொன்பது. மூன்றாம் மாடியில், செல்வியின் கூடத்தில்: முப்பத்துமூன்று. நம்பாமல் மொட்டைமாடிக்குக் கீழுள்ள வீட்டுக்கும் ஏறினார்: முப்பத்துநான்கு. மின்விசிறி நின்றிருந்தது, திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது, கட்டிலில் ஒரு குழந்தை அசையாமல் தூங்கியது.

எனக்கு என் சென்னை அடுக்ககம் நினைவுக்கு வந்தது. பதினோரு வருடமாக ஏழாவது மாடியில் இருக்கிறேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பொறியாளர் சட்டைப் பையில் வெப்பமானியைச் செருகினார். "ரெண்டாவது ப்ளாக்குக்கும் இதேதாம்மா. நான் எழுதிடறேன்."

செல்வி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழ்மாடிக்குக் குரல் கொடுத்தார். செய்தி ஒவ்வொரு மாடியாக இறங்கியது; முற்றத்தில் பெண்களின் சிரிப்பு கேட்டது.

மாலை 4.30. நான் விடைபெறும்போது முருகையன் தன் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"செல்வி, என் தங்கச்சிக்கு ரெண்டாவது ப்ளாக்குல வூடு வருது. நல்லா காத்து வர்ற பக்கமா சொல்லேன், கேட்டு வாங்கிக்கட்டும்."

செல்வியின் முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கம் குடுத்தாலும் வாங்கிக்கச் சொல்லுண்ணே. எல்லா வூட்டுக்கும் வரும்."